ஓட்டு வண்டியில் ஓர் அயர்லாந்துப் பண்ணையார்

பாகூர்ச் சாலையில் பஸ் படுத்துவிட்டது. ஆட்களை ஓட்டுச்சாவடியில் இறக்கிவிட்டுத் திரும்பும் மாட்டுவண்டியில் தொற்றிக்கொள்கிறேன். வண்டி, தேர்தலில் நிற்கும் பண்ணையாருடையது. ஓட்டுகிறவர் ஏழுமலை, அவருடைய குத்தகைக்காரர்.

என் கையில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பார்லிமெண்டுக்குப் போன ஓர் அயர்லாந்துப் பண்ணையாரின் வாழ்க்கை வரலாறு. என் வாய் சும்மா இருக்குமா? அங்கே குடியானவர்கள் பண்ணையார் எதிரிலேயே உரக்கச் சொல்லித்தான் ஓட்டுப் போடவேண்டும், மாற்றிச் சொன்னவனுக்கு நிலம் போய்விடும் என்று அளக்கிறேன்.

"வாயாவது தொறந்தானுங்களே! பிரெஞ்சுக்காரன் இருந்தப்ப எங்க ஓட்டெல்லாம் பண்ணையாரே போட்டுடுவாரு. நாங்க வூட்ல கெடப்போம்" என்கிற ஏழுமலை குரலைத் தாழ்த்துகிறார். "இன்னிக்குத்தான் சார் மொத தபா நானே போட்டேன். அவரு வண்டில போயி, அவரு இட்லியத் துன்னுட்டு, ஆளுக்கொரு பொட்டி வெச்சிருந்தாங்களா, எதிராளி பொட்டில போட்டுட்டேன்!"

இருவரும் சிரித்து ஓய்கிறோம்.

"ஆமா, நீங்க யாரு வூட்டுக்கு சார்?"

"பண்ணையார் வீட்டுக்குத்தான். இந்தத் துரைக்கு இருப்பதுபோல் தமக்கும் ஒரு வரலாறு எழுதச் சொல்லியிருக்கிறார்."

வண்டி நிற்கிறது.

"சொல்லிடாதீங்க சார். ரெண்டு காணியும் பூடும். சத்தியம் பண்ணுங்க."

என் தலை எதற்கு என்று, புத்தகத்திலிருக்கும் துரை படத்தின் தலையில் கை வைக்கிறேன்.

"அவரு உசுரோட இருக்காரா?"

"செத்து அறுபது வருஷம்."

"அப்ப செல்லாது. உங்க தலைல வைங்க."

வைக்கிறேன். நான் எழுதப்போகும் வரலாற்றில் ருசியான ஒரே சங்கதி அத்தோடு போகிறது.