மாமனார் வெட்டாத ஆசு

நமுனுகுல மலைச்சரிவில் நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்தில், ஞாயிறு பிற்பகல்களில் கங்காணி வீட்டு வாசலில் சாக்கு விரித்து ஓமி என்ற சீட்டு ஆடுவார்கள். நான்கு பேர், எதிரெதிரே உட்காருகிறவர்கள் கூட்டாளிகள். ஆளுக்கு எட்டுச் சீட்டு. முதலில் இறங்கிய சாதியையே எல்லோரும் போட வேண்டும். அந்தச் சாதி கையில் இல்லாதவன் துரும்பால் வெட்டலாம். வேண்டாத சீட்டைக் கழித்தும் விடலாம். ஒரு சுற்றில் பெரிய சீட்டுக்கு அந்தப் பிடி; துரும்பு எல்லாவற்றுக்கும் மேல். துரும்பு சொன்னவர்கள் எட்டில் ஐந்து பிடி எடுக்காவிட்டால் தோல்வி. கூட்டாளிக்குக் கண் ஜாடைகூடக் காட்டக் கூடாது.

அட்டை கடித்த இடம் புண்ணாகி என் கால் கணுக்கால்வரை வீங்கியிருந்தது. கால் அழுகிப்போகுமோ, பதுளை ஆசுபத்திரியில் அறுத்து எடுப்பார்களோ என்று தூக்கமே இல்லை. ஸ்டோர் என்கிற தேயிலை ஆலையில் உட்கார்ந்து தூளில் குச்சி பொறுக்கும் வேலை கேட்க மாமனாரை அழைத்துக்கொண்டு போனேன்.

கங்காணி சிரித்தார். “மாமனும் மருமகனும் உக்காருங்கடா. நீங்க ஜெயிச்சா ஸ்டோரு. தோத்தா காலையில கவ்வாத்துக் கத்தியோட செடி வெட்ட மலைக்கு.”

அவருக்குக் கூட்டாளி கணக்கப்பிள்ளை. மாமனார் தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, சாக்கின் ஓரத்தில் குந்தினார்.

என் கையில் இஸ்பேட் நிறைய இருந்தது. அதையே துரும்பு சொன்னேன். நாலு பிடி எடுத்துவிட்டோம். அவர்களுக்கு இரண்டு. ஆளுக்கு இரண்டு சீட்டு மீதி. இன்னும் ஒரு பிடி போதும்.

கங்காணி ஆர்த்தீன் சாதியின் மிகப் பெரிய சீட்டான ஆசு ஒன்றை ஓங்கி அடித்தார். நான் ஆர்த்தீன் ஒன்பதைப் போட்டேன், கணக்கப்பிள்ளை எட்டைப் போட்டார். கடைசிக் கை மாமனார். அவரிடம் ஆர்த்தீன் தீர்ந்துபோனது முன்பே தெரிந்துவிட்டது. ஒரு சின்னத் துரும்பு இருந்தால் போதும். கங்காணி அவரையே பார்த்தார்.

“என்னா பெருசு, என் ஆசுக்கு என்னா மரியாத?”

மாமனார் கிளாவரைக் கழித்தார்.

கங்காணி கடைசியாக இஸ்பேட் ராசாவை இறக்கினார். என்னிடம் ஒரு டைமன்தான் மீதி. மாமனார் கையில் எஞ்சியிருந்த ஒற்றைச் சீட்டு சாக்கில் விழுந்தது. இஸ்பேட் ஏழு.

கணக்கப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். “துரும்ப மடியிலயா கட்டி வச்சிருந்த?”

லயத்துக்குத் திரும்பும் வழியில் கேட்டேன். “வெட்டியிருக்கலாமில்ல மாமா?”

“அவுக போட்ட ஆசு மேல நானு ஏழப் போடுறதா? நல்லாருக்கே மாப்ள நீங்க பேசுறது.”

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி ஆட்களைப் பிரித்துவிட்டார். மாமனார் முறை வந்தபோது சற்று நின்றார்.

“மட்டு மரியாத தெரிஞ்ச ஆளு. பெருசு, இன்னைலருந்து நீ ஸ்டோருக்குப் போ.”

என்னைப் பார்த்து மலைப்பக்கம் கையை நீட்டினார்.

எனக்காக ஒரு வார்த்தை சொல்வார் என்று மாமனார் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். “சரிங்க சாமி” என்று இரண்டு கையையும் கூப்பினார். பிறகு ஸ்டோர் பாதையில், ஓட்டமும் நடையுமாக இறங்கிப் போனார்.