எர்மெலிந்தா கேட்காத உதவி

மகளின் பதினைந்தாம் பிறந்தநாள் கேக்குக்கு ஞானத்தகப்பனாக இருக்கச் சொல்லி எர்மெலிந்தா மருந்துக்கடைக்காரரைக் கெஞ்சியிருக்கிறாளாம். இந்தச் சங்கதி எர்மெலிந்தாவுக்கே எதிர்வீட்டு நிக்கோலாசா சொல்லித்தான் தெரிந்தது. நிக்கோலாசாவுக்குச் சோளரொட்டிக் கடை வரிசையில் யாரோ சொன்னார்களாம்.

"நானா? கெஞ்சினேனா?" ஜெராக்ஸ் மிஷின் மூடியில் வைத்த கை அப்படியே நின்றது.

"எங்கிட்ட எதுக்குடி மறைக்கிற? நல்ல காரியந்தானே. என்ன, எனக்கு மொதல்ல சொல்லியிருக்கலாம்."

சான் அந்திரேஸ் ஊரில் எர்மெலிந்தாவைத் தெரியாதவர் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு எதிரே பேப்பர், பேனா விற்கிற கடை அவளுடையது. பிறப்புச் சான்றிதழோ காதல் கவிதையோ, எதை அச்செடுக்க வேண்டுமென்றாலும் ஊர் அவளுடைய மெயிலுக்குத்தான் அனுப்பும். அச்செடுப்பதை அவள் படிக்கமாட்டாள்; கண்ணில் பட்டாலும் வாய் திறக்கமாட்டாள். யார் வீட்டு விசேஷமானாலும் நாற்காலி தூக்க முதலில் நிற்பாள். ஆனால் தனக்கென்று யாரிடமும் ஒரு குண்டூசி கேட்டதில்லை.

பெண்ணுக்குப் பதினைந்து நிறைந்தால் அங்கே ஊரே கூடும் விழா. கேக்குக்கு ஒருவர், செருப்புக்கு ஒருவர், பாட்டுக்கு ஒருவர் என்று ஞானப்பெற்றோர்கள் செலவைப் பங்கு போட்டுக்கொள்வதுதான் அங்கே வழக்கம். எர்மெலிந்தாவுக்குப் பதினைந்து ஆனபோது பாட்டுக்கு ஒப்புக்கொண்ட மனிதர் விழா அன்று ஊரிலேயே இல்லை. ரோஸ் கவுனோடு, சத்தமே இல்லாத கூடத்தில் நின்றாள். அதிலிருந்து யாரையும் கேட்பதில்லை என்று ஆகிவிட்டது. வீட்டில் அவளும் மகள் யாரெட்சியும் மட்டும்தான். "சின்னதா நாமளே செஞ்சுக்கலாம்" என்று சொல்லியிருந்தாள். யாரெட்சி சரி என்று தலையாட்டினாள். முகம்தான் சரி என்று சொல்லவில்லை.

அந்த வாரம் முழுக்கக் கடைக் கணினியில் விசித்திரமான அறிவிப்புகள் வந்துகொண்டிருந்தன. 'நீங்கள் அனுப்பிய மடல் சேரவில்லை. இப்படி ஒரு முகவரி இல்லை.' அவள் யாருக்கும் எதுவும் அனுப்பவில்லை. மிஷினுக்கு என்ன நோவோ என்று கண்டுகொள்ளாமல் விட்டிருந்தாள். நிக்கோலாசா போனபிறகு ஒன்றைத் திறந்து கடைசிவரை படித்தாள். அடியில், அவள் பெயரில், எவனோ எழுதியிருந்தான்: 'அன்புள்ள நண்பரே, உங்களிடம் ஒரு சின்ன உதவி வேண்டும். நேரில் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. பதில் போடுங்கள்.'

திரும்பி வந்ததே இத்தனை என்றால் போய்ச் சேர்ந்தது எத்தனையோ? பதில் போட்டவர்களிடம் அந்தத் திருடன் எதைப் பறிப்பானோ? கடவுச்சொல்லை மாற்றினாள். 'அந்த மெயில் நான் அனுப்பியதல்ல, யாரும் பதில் போடாதீர்கள்' என்று அட்டையில் எழுதிக் கதவில் தொங்கவிட்டாள்.

யாரும் பதில் போட்டிருக்கவில்லை. மகளுக்குப் பதினைந்து ஆகப்போகிற தாய் கூச்சத்தோடு ஓர் உதவி என்றால், அது என்ன உதவி என்று கேட்டா தெரிந்துகொள்ள வேண்டும்? அதற்கு மெயிலிலா பதில் சொல்வார்கள்? நேரிலேயே வந்தார்கள்.

முதலில் மருந்துக்கடை அர்னுல்ஃபோ, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு.

"தோன் அர்னுல்ஃபோ, அட்டையைப் பாத்தீங்களா? அது நான் எழுதலை. எவனோ திருட்டுப்பய."

"பாத்தேன் தோன்யா எர்மெலிந்தா. இருந்துட்டுப் போகட்டும். நீங்க பதினஞ்சு வருஷம் ஆனாலும் கேக்கமாட்டீங்க, அவனாவது கேட்டானே! கேக்கு மூணு அடுக்கா, நாலா?"

"கேக்கு என்னுது" என்றாள் பின்னாலேயே நுழைந்த நிக்கோலாசா. "எனக்கும் மெயில் வந்திருக்காம், எம்மருமவ இப்பத்தான் காட்டுறா. நீரு மாத்திரை விக்கிற ஆளு, உமக்குக் கேக்கைப் பத்தி என்ன தெரியும்?"

"சக்கரை வியாதிக்காரி நீ. உனக்கு என்ன தெரியும்?"

அர்னுல்ஃபோ கேக்கை விட்டுக்கொடுக்கவில்லை. நிக்கோலாசா முணுமுணுத்துக்கொண்டே செருப்பை எடுத்துக்கொண்டாள். கணக்கு டீச்சர் கவுனுக்கு வந்தார், பூக்கடைக்காரர் பூவுக்கு. எர்மெலிந்தா ஒவ்வொருவரிடமும் "நான் அனுப்பலை" என்றாள்; ஒவ்வொருவரும் "சரி சரி" என்று அவள் தோளைத் தட்டினார்கள். பாட்டுக்கு மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. பழைய கதை எல்லாருக்கும் தெரியும். அந்த இடத்தைத் தொட அவர்களுக்குப் பயம்.

"அம்மா, அந்தத் திருடன் பாட்டுக்கு யாரையும் கேக்கலியா?" என்றாள் யாரெட்சி. சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

எர்மெலிந்தா திரும்பி வந்த மடல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நடுவில் ஃபிதென்சியாவின் பெயர் இருந்தது. அன்றைக்குச் சத்தமில்லாத கூடத்தில், செருப்பைக் கழற்றி வீசிவிட்டு நாற்காலிமேல் ஏறி, தொண்டை கட்டும்வரை பாடி எல்லாரையும் ஆடவைத்த சிநேகிதி. இப்போது மோந்தெர்ரே நகரத்தில் ஒரு பாட்டுக்குழுவோடு இருக்கிறாள். பேசி வருஷக்கணக்காகிறது. 'இப்படி ஒரு முகவரி இல்லை.'

"கேட்டிருக்கான். இவளுக்கு மட்டும் போய்ச் சேரலை."

"அப்போ?"

"அப்போ என்ன. நான்தான் கேக்கணும்."

ஃபிதென்சியாவின் அம்மாவிடமிருந்து போன் நம்பரை வாங்கிவந்தது யாரெட்சிதான். எர்மெலிந்தா எண்களை அழுத்திவிட்டுக் கடைவாசலில் வந்து நின்றாள். "ஃபிதெ, நான்தான்... ஒரு உதவி..." என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். 'சின்ன உதவி' என்று சொல்லலாமா? வேண்டாம், அது அந்தத் திருடனின் வார்த்தை.

மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் போனை இன்னும் இறுக்கமாகக் காதில் அழுத்திக்கொண்டாள்.