கார்சிமினுக்குத் திரும்பிப்போன வடக்கு

துமிராவின் கணவர் மவுத்தான வருஷம், விடிகாலையில் அவள் கீரைக்கூடையை முதுகில் கட்டிக்கொண்டு மைதானத்துக்கு விற்க நடப்பாள். ரிக்‌ஷாக்காரர் கார்சிமின் பக்கத்தில் வந்து நிற்பார். "காலியாத்தான் போறேன், ஏறிக்க தங்கச்சி." அவருடைய சவாரியெல்லாம் வடக்கே ரயிலடியில். அவளை இறக்கிவிட்டு வந்த வழியே திரும்பி மிதித்துப் போகிறார் என்பதை வெகுநாள் கழித்துத்தான் கண்டாள்.

எங்கள் சம்பிரெஜோ ஊரில் இடது வலது என்ற பேச்சே கிடையாது. சோற்றுத் தட்டைக்கூடக் கொஞ்சம் கிழக்கே தள்ளு என்பார்கள். மைதானத்தில் ஆலமரம், அதற்கு மேற்கே பள்ளிவாசல், தெற்கே சர்க்கரை ஆலை. கார்சிமினுக்கு வயதாகிப் பார்வை அடியோடு போன பிறகும் வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குத் தனியாகவே நடந்து போவார்.

கெடுத்தது ஒரு பஸ் பயணம். மகன் வீட்டிலிருந்து திரும்புகையில் அசந்து தூங்கிவிட்டார். ஊருக்குள் வந்து விழித்தால் மனசுக்குள் திசை மாறிப்போயிருந்தது. நம் பக்கத்தில் இது பலருக்கும் வருவதுதான். கண் உள்ளவன் நாலு இடத்தைப் பார்த்துச் சரிசெய்துகொள்வான். இவர் அந்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குக் கிளம்பி ஆலை வாசலில் போய் நின்றார்.

"என்ன பெரியவரே, கரும்புக்குக் குத்பா பிரசங்கம் பண்ண வந்தீங்களா?" என்று காவலாளி சிரித்தான்.

அதோடு வீட்டில் அடைந்துவிட்டார். கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறேன் என்றாள் துமிரா.

"கொண்டுபோய் நிறுத்துவே. தொழுகைக்கு மேக்கே பாத்து நிக்கணும். இதான் மேக்குன்னு நீ சொல்லுவே, என் மனசு வடக்குன்னு சொல்லும். அப்படி நின்னு தொழுறதுக்கு மனசு வரல, தங்கச்சி."

துமிரா துஆ கேட்டுவிட்டு யோசித்தாள். தூங்கிக்கொண்டே ஊருக்குள் வந்ததால் வந்த வினை. முழிப்போடு இன்னொரு தரம் வந்தால்? வியாழக்கிழமை கடையைச் சீக்கிரம் கட்டிவிட்டு, அவரை அவருடைய ரிக்‌ஷாவிலேயே உட்காரவைத்துத் தானே மிதித்தாள். கிழக்கே, பஸ் ஊருக்குள் வரும் ஆற்றுப்பாலம் தாண்டி வண்டியைத் திருப்பினாள்.

"மெதுவா மிதி. உருட்டி விட்டுறாதே."

"ஓசிச் சவாரிக்கு வாய் ஜாஸ்தி. தூங்காம வாங்க, அது போதும்."

சாய்ந்த வெயில் முகத்தில் அடித்தது. "மேக்குன்னு வெயில் சொல்லுது, மனசு கேக்க மாட்டேங்குது," என்றார். பாலத்துப் பலகைகள் தடதடத்தன. பலகை முடிந்து சக்கரம் ரோட்டில் இறங்கிய இடத்தில் கம்பியை இறுகப் பிடித்தார்.

"நிறுத்து."

கையை நீட்டினார். "ஆலை அந்தா. ரயிலடி இந்தா." இரண்டும் சரியாக இருந்தன. துமிரா அல்ஹம்துலில்லாஹ் என்றாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் ஜும்மாவுக்குத் தனியே போனார். பிறகு ஒரு வெள்ளியும் தவறவில்லை.

துமிராவை மகள் தன்னோடு வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிட்டது அடுத்த வருஷம். கிளம்பிய அன்றும் வெள்ளிக்கிழமை. ஆலமரத்தடியில், பிரியும்போது செய்கிற ஊர் வழக்கப்படி, இருவரும் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் முரசு அடித்தது. பள்ளிவாசல்வரை கொண்டுவிட்டுப் போகிறேன் என்று அவள் அவர் கையைப் பிடித்தாள்.

அவர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். "நீ உன் பஸ்ஸைப் பாரு, தங்கச்சி. நான் மேக்கே போயிக்கிறேன்."