மருமகள் என் மடியைச் சோதித்த நாள்

எர்ணாவூரில் எங்கள் தெருமுனையில் கேஸ் டேங்கர் லாரிகள் வந்துபோகிற ஒரு கம்பெனி இருக்கிறது. அதன் கேட்டில் என் மருமகளுக்கு செக்யூரிட்டி வேலை கிடைத்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. நீலச் சட்டை, தொப்பி, இடுப்பில் பெல்ட்! காசிமேட்டில் மீன்காரியிடம் அதைச் சொன்னேன். "நேத்தும் இதான் சொன்ன ஆயா, மீன எடு," என்றாள்.

முன்பு அந்தக் கேட்டில் இருந்தவர்கள் காருக்கு சலாம் போடுவதோடு சரி. புதிதாக வந்த செக்யூரிட்டி ஆபீசர்தான் எல்லாவற்றையும் மாற்றினார். பெண்களைச் சோதிக்கப் பெண்ணே வேண்டும் என்று ஆள் எடுத்தார், பயிற்சி கொடுத்தார். மேனேஜர் காராக இருந்தாலும் டிக்கியைத் திறக்க வேண்டும். பயிற்சி முடிகிறவரை கேட்டருகே நாற்காலி போட்டு அவரே பார்த்துக்கொண்டிருப்பார். தெரிந்த முகம் என்று ஒருவரை விட்டாலும் வேலை போய்விடும். மருமகள் சாப்பிடும்போது சொன்னதுதான் இதெல்லாம். நான் எங்கே காதில் வாங்கினேன்? அவள் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போய்விட்டாள். அன்று நெத்திலிக் குழம்பு வேறு. தூக்கை எடுத்துக்கொண்டு போனேன், கேன்டீனையும் பார்த்துவிடலாம் என்று நேரே உள்ளே காலை வைத்தேன்.

"நில்லு அத்த. செக் பண்ணணும்."

"இன்னாடி, என்னியேவா?"

"எல்லாரையுந்தான். கையத் தூக்கு."

பின்னால் லாரிகள் வரிசைகட்டி நின்றன. ஒரு டிரைவர் தலையை நீட்டி, "இன்னா ஆயா, மடில குண்டு கட்டிகினு வந்தியா?" என்றான்.

மடியில் இருந்தது பீடிக்கட்டும் தீப்பெட்டியும். கேஸ் இருக்கிற இடத்தில் தீப்பெட்டி ஆகாது என்று எனக்கும் தெரியும். மடியில் இருப்பதுதான் நினைப்பில்லை. கக்கூஸ் கதவைச் சாத்திக்கொண்டுதான் பிடிப்பேன், வீட்டில் யாருக்கும் தெரியாது என்று நம்பியிருந்தேன்.

"வுட்டுடுடி, மானம் போவுது," என்று அவள் காதில் சொன்னேன்.

"ஆபீசரு பாத்துகினு கீறாரு அத்த. உன்ன வுட்டா எனுக்கு வேல இல்ல."

அவள் கை தேடவே இல்லை, நேரே மடிக்குப் போனது. எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறாள். இரண்டையும் எடுத்துத் தூக்கிக் காட்டிவிட்டுக் கேட்டருகே இருந்த பெட்டியில் போட்டாள்.

"தோடா! ஆயா நம்ம தோஸ்து!" என்றான் டிரைவர். ஒரே சிரிப்பு.

ஆபீசர் எழுந்து வந்தார். "இப்படித்தாம்மா செய்யணும்," என்று அவளிடம் சொன்னார். என்னிடம், "தப்பா நெனைக்காதீங்க," என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பீடிகூடப் பரவாயில்லை. அவள் பிழைப்பு போகட்டும், என் மானம் நிற்கட்டும் என்றல்லவா கேட்டுவிட்டேன்?

"இப்ப உள்ள போலாம் அத்த," என்றாள். தூக்கை அவள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

வேலை நிரந்தரமாகிவிட்டது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஆபீசர் சொல்லும் முதல் பாடமே மாமியாரை விடாத மருமகள் கதைதானாம். கேட்பதற்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கம் போனால் புதுப் பையன்கள் எனக்கு சல்யூட் வைக்கிறார்கள். நான் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு ரோட்டின் எதிர்ப்பக்கம் போய்விடுகிறேன்.