வரதன் தேடிய யானை

கோலார் தங்கச் சுரங்கத்து ஊரான ஆண்டர்சன்பேட்டையில் வெறும் வரதன் என்று விசாரித்தால் நாலு பேரைக் காட்டுவார்கள். ஆனை வரதன் என்று கேளுங்கள், நேராக அவர் வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். பெரிய தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். ஆள் காற்றடித்தால் பறந்துவிடுவார் போல இருப்பார், யானைக்கும் அவர் உடம்புக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

பெயர் வந்த கதை இதுதான். அவருக்கு ஆறு வயது நடக்கும்போது, நல்ல மழையில், ஊரிகம் சுரங்கத்துக்கு ராட்சத இரும்பு டிரம் ஒன்று ரயிலில் வந்து இறங்கியது. ஆட்களைக் கீழே இறக்கும் கூண்டின், அதாவது கேஜின், கம்பிக்கயிறு அந்த டிரம்மில்தான் சுற்றிக்கொள்ளும். ஸ்டேஷனிலிருந்து ஷாஃப்டுக்கு, அந்தக் கூண்டு இறங்கும் குழிக்கு, கொண்டுபோகிற வழியில் வண்டி சேற்றில் புதைந்துவிட்டது. ஒரு ஷிப்ட் ஆட்களே சேர்ந்து தள்ளியும் அசையவில்லை. அந்த நேரம் பார்த்து ஆண்டர்சன்பேட்டை மைதானத்தில் சர்க்கஸ் நடந்துகொண்டிருந்தது. இன்ஜினியர் துரை ஆள் அனுப்பி சர்க்கஸ் யானையை வரவழைத்தார். யானை வந்தது, இழுத்தது, கரும்பு தின்றுவிட்டுப் போய்விட்டது. இதையெல்லாம் வரதன் பக்கத்தில் நின்று பார்த்தார். டக்ளஸும் கூட இருந்தான்.

இந்தக் கடைசி வரிதான் வம்பாகப் போயிற்று. டக்ளஸ் பக்கத்து லைன் வீட்டுப் பையன், வரதனோடு ஒன்றாகப் பள்ளிக்குப் போனவர், பிறகு சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். வாலிப வயதில் ஒரு நாள் கோவிந்தன் டீக்கடையில் வரதன் இந்தக் கதையை எடுத்துவிட்டு, வேண்டுமானால் டக்ளஸைக் கேளுங்கள் என்றார். டக்ளஸ் டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "ஆனையா? நான் இன்னாத்த கண்டேன்? இவன் கனவு கண்டிருப்பான்" என்று கையை விரித்துவிட்டார். யானை இழுத்ததைப் பார்த்த பெரியவர்களில் பாதிப் பேர் ஊரை விட்டுப் போயிருந்தார்கள், மீதிப் பேர் உலகத்தை விட்டே போயிருந்தார்கள். கடை சிரித்த சிரிப்பில் ஆனை வரதன் பிறந்தார்.

பட்டப்பெயர் ஒன்றும் பெரிய விஷயமில்லை, இந்த ஊரில் பட்டப்பெயர் இல்லாதவன் யார்? ஆனால் அதற்குப் பிறகு வரதன் எதைச் சொன்னாலும் "இதுவும் ஆனையா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. தொழிற்சாலையில் கிரேன் வழுக்குகிறது என்றார், சிரித்தார்கள். கிரேன் வழுக்கிய பிறகும் சிரித்தார்கள். மகள் கல்யாணத்தில் புதுச் சம்பந்தியே "நீங்கதானா அந்த ஆனைக்காரர்" என்று கேட்டபோது மனிதர் பாதிச் சாப்பாட்டில் கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். மனைவி மங்களம் நம்பவில்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நம்புகிறேன் என்றும் சொன்னதில்லை. செத்தால் பாடையில் வைத்தும் ஆனை வரதன் என்றுதான் கூப்பிடுவார்கள் என்ற பயம் வரதனுக்கு உண்மையாகவே இருந்தது.

இரண்டாயிரமாவது வருஷம் பேப்பரில் ஒரு செய்தி வந்தது. இங்கே வேலைபார்த்துவிட்டுப் போன வெள்ளைக்காரக் குடும்பங்கள் பழைய படங்களையும் காகிதங்களையும் சீமையில் ஒரு நூலகத்துக்குக் கொடுத்திருக்கிறார்களாம். என்னென்ன இருக்கிறது என்ற விவரத்தை இன்டர்நெட்டில் எங்கிருந்தும் தேடிப் பார்க்கலாமாம். அன்றைக்குத் துரை கழுத்தில் கேமரா தொங்கியது வரதனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பேப்பரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கடைத்தெருவில் சுமா தன் டெலிபோன் பூத்தை அப்போதுதான் பிரவுசிங் சென்டராக மாற்றியிருந்தாள். கன்னடப் பெண், தமிழை அவிழ்த்துவிட்டால் யாரும் நிற்க முடியாது. வரதன் சொல்லச்சொல்ல அவள் இங்கிலீஷில் அடித்தாள்: ஊரிகத்தில் சேற்றில் மாட்டிய டிரம்மைச் சர்க்கஸ் யானை இழுத்த போட்டோ. ஒன்றும் வரவில்லை. இவ்வளவு நீளமாகக் கேட்டால் அத்தனை வார்த்தையும் ஒரே இடத்தில் இருந்தால்தான் கிடைக்கும் என்று சுமா சொன்னாள். சரி, யானை என்று மட்டும் போடு என்றார். ஆயிரக்கணக்கில் கொட்டியது. ராஜாக்கள் யானை, வேட்டை யானை, பர்மாவில் மரம் இழுத்த யானை. மூன்று நாள் சாயங்காலம் அதில் முங்கி எழுந்ததில் கண் சிவந்ததுதான் மிச்சம்.

நாலாம் நாள் ஊர்ப் பெயரையே, கே.ஜி.எஃப். என்று போடச் சொன்னார். பூஜ்யம். வரதனுக்குச் சுருக்கென்றது. கே.ஜி.எஃப்.பைத் தெரியாத நூலகம் என்ன நூலகம்? "அங்கிள், கே.ஜி.எஃப். நம்ம வாயில வர்ற பேரு. அவங்க கோலார்னுதான் எழுதி வெச்சிருப்பாங்க" என்று சுமா கோலார் என்று தட்டினாள். இப்போது வந்தது, ஆனால் கம்பெனி அறிக்கைகள், கணக்குகள், வரைபடங்கள் என்று ஒரு மூட்டை. வருஷத்தை நாற்பத்தாறிலிருந்து நாற்பத்தொன்பது வரை என்று குறுக்கி, படங்கள் மட்டும் என்று சொன்னதும் மூட்டை ஒரு கைப்பிடியாகச் சுருங்கியது. வரதனுக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறியது. அந்தக் கைப்பிடியில் யானை என்று போட்டார்கள். இல்லை.

அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மங்களம் விஷயத்தைக் கேட்டுவிட்டு ரசத்தை ஊற்றினாள்.

"ஆனை உங்களுக்குத்தாங்க பெருசு. ஆறு வயசுப் புள்ள, வேற இன்னாத்த பாக்கும்? அந்தத் தொரைக்கு டிரம்மு ஊடு போய் சேந்திச்சாங்கிறதுதான பெருசு. அவரு அதத்தான எழுதி வெச்சிருப்பாரு?"

வரதன் சோற்றுக் கையோடு அவளையே பார்த்தார். இத்தனை வருஷம் ஃபிட்டர் வேலை பார்த்தும் இது தன் மரமண்டையில் ஏறவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டார், நெற்றியெல்லாம் ரசம்.

மறுநாள் சுமா கடை திறக்குமுன்பே புருஷனும் பெண்டாட்டியும் வாசலில் நின்றார்கள். கோலார், அந்த வருஷங்கள், படங்கள், டிரம். ஒன்றே ஒன்று வந்தது. சுரங்க இன்ஜினியர் ஒருவரின் ஆல்பம், ஊரிகத்தில் புது வைண்டிங் டிரம் கொண்டுவந்து பொருத்தியது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழு. யானையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. படமும் இல்லை, விவரம் மட்டும்தான். ஆனால் பக்கத்தில் ஒரு எண் இருந்தது. அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் அங்கே இருப்பவர்கள் பெட்டியைத் திறந்து பார்த்துச் சொல்வார்கள் என்று சுமா படித்துச் சொன்னாள். எண்ணைப் போட்டு, இந்த ஆல்பத்தில் யானை இருக்கிறதா என்று ஈமெயில் அனுப்பினார்கள்.

பத்து நாள் வரதன் கடையைச் சுற்றிச்சுற்றி வந்தார். பதில் வந்த அன்றைக்குச் சுமாவே வீட்டுக்கு ஓடிவந்து மூச்சிரைக்க நின்றாள். யானை இருக்கிறதாம், படத்தையும் அனுப்பியிருக்கிறார்களாம்.

அந்தக் காலத்து இன்டர்நெட்டில் படம் மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். முதலில் வானம் வந்தது. பிறகு ஷாஃப்டின் உச்சிச் சக்கரம். பிறகு தலைப்பாகைகள், டிரம்மின் விளிம்பு. வரதன் நாற்காலியில் உட்காரவே இல்லை. அப்புறம் கருப்பாக ஒரு முதுகு, ஒரு பெரிய காது. கடையில் இருந்த அத்தனை பேரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். வரதன் மங்களத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, நாலு பேர் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் அழுதார். அழுகையும் சிரிப்புமாக அவரைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

கடைசியாகப் படத்தின் அடிப்பக்கம் வந்தது. அங்கே இரண்டு பையன்கள். ஒருவன் யானையின் காலருகே கயிற்றைப் பிடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரிய நிற்கிறான். இன்னொருவன் யாரோ ஒருவருடைய காலைக் கட்டிக்கொண்டு, கால்சட்டை நனைந்து, வாயைப் பிளந்து அழுகிறான். முகங்கள் சின்னதாகத்தான் இருந்தன, மற்றவர்களுக்கு அடையாளம் தெரியாது. வரதனுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. டக்ளஸ் அழுதது அவருக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. டக்ளஸுக்கு மறக்கவில்லை. யானை வந்தது நிஜம் என்று ஒப்புக்கொண்டால் இதுவும் நிஜமாகிவிடுமே!

கோபம் தலைக்கேறியது. இத்தனை வருஷம் என்னை ஊர் சிரிக்க வைத்தவன், இன்றைக்கு அவனைச் சிரிக்க வைக்கிறேன் என்று படத்தை அச்செடுத்துக்கொண்டு கோவிந்தன் கடைக்கு நடந்தார். வழியெல்லாம் டக்ளஸுக்கு என்ன பட்டப்பெயர் வைக்கலாம் என்றுதான் யோசனை. நாலைந்து நல்ல பெயர்களும் கிடைத்துவிட்டன.

டீக்கடையில் படம் கைமாறிக் கைமாறிப் போயிற்று. கோவிந்தன் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தார். வரதா, எங்களை மன்னித்துவிடப்பா என்று வாய்விட்டே சொன்னார். இனி இந்த மனிதர் சொல்வதை யாரும் தட்டப்போவதில்லை என்பது எல்லார் முகத்திலும் தெரிந்தது. படம் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த டக்ளஸிடம் வந்தது. கிழவர் அதைக் கண்ணருகே கொண்டுபோனார். தலையை நிமிர்த்தி வரதனைப் பார்த்தார்.

கோவிந்தன் எட்டிப் பார்த்து, படத்தின் அடியில் விரலை வைத்தார். "யாருப்பா இது, பயந்து ஒண்ணுக்குப் போய்க்கினு அழுவுற பையன்?"

வரதன் டக்ளஸைப் பார்த்தார். வழியில் யோசித்த பெயர் எதுவும் வாயில் வரவில்லை.

"அது நான்தாம்பா" என்றார். "இந்தாண்ட கயிறு புடிச்சினு தைரியமா நிக்கிறான் பாரு, அவன்தான் டக்ளஸு."

யானையைப் பற்றி வரதன் சொன்ன முதல் பொய் அது. கடையில் ஒருவர் விடாமல் நம்பினார்கள்.