அண்ணி கண்ணயர்ந்த பதினெட்டு நிமிடங்கள்

2024 ஜூன் 9, ஞாயிறு. ஐந்து பத்துக்கு எழுந்து வாசல் தெளித்தேன். ஐந்து ஐம்பதுக்குக் காபி. ஆறரைக்கு மோட்டார் போட்டு ஏழு ஐந்துக்கு நிறுத்தினேன். ஏழேகாலுக்கு டைரியை எடுத்து எழுதினேன்: ‘நேற்றிரவு நான் விழித்திருந்த ஒரு மணி நேரத்தில் அவருக்கு மூச்சு நின்றது பதினொரு முறை.’

என் கணவருக்கு அறுபத்து நான்கு வயது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய குறட்டை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று அறுந்துவிடும். கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. பிறகு குளத்தில் முங்கியவர் தலை தூக்கியதுபோல ஒரு பெருமூச்சு. ஒரு வருடமாக மறதியும் சேர்ந்துகொண்டது. புதுக்கோட்டை டாக்டர் ஓர் இரவு படுக்கவைத்துப் பரிசோதித்தார். தூக்கத்தில் இப்படி மூச்சு நின்று நின்று வந்தால் மூளைக்குப் பிராணவாயு குறையும், வருடக்கணக்கில் விட்டால் வயதான காலத்தில் மறதி நோய்க்கு வாய்ப்பு கூடலாம் என்றார். இப்போதைய மறதிக்கு அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லவில்லை. மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்க, நீளக் குழாய் வைத்த ஒரு மெஷின் எழுதிக் கொடுத்தார். அது பத்தொன்பது நாளாகப் பிரிக்காத பெட்டியில் பீரோ மேல் இருந்தது.

“மூச்சு நின்னா செத்துல்ல போயிருப்பேன்? நான் சும்மா கண்ணத்தான் மூடியிருந்தேன்” என்பார். போனில் பதிவு செய்து போட்டுக் காட்டினேன். “இது ஏதோ ரைஸ்மில் சத்தம்” என்றார்.

பதினொன்று நாற்பதுக்கு அவருடைய அக்கா அறந்தாங்கியிலிருந்து வந்து இறங்கினார். அறுபத்தெட்டு வயது. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். வந்தவர் படியேறவில்லை. போர்ட்டிகோவில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“பத்திரிக வைக்காத வீட்டுக்குள்ள நான் எப்புடி வாரது?”

ஜூலையில் எங்கள் மகளுக்குக் கல்யாணம். குலதெய்வத்துக்கு வைத்ததும் முதல் பத்திரிகை அவளுடைய அத்தையான அண்ணிக்குத்தான் போக வேண்டும். பத்திரிகை வைக்கும் நாளில் எனக்குக் காய்ச்சல் என்பதால் என் கணவர் மட்டும் போனார். டைரியைப் புரட்டி வாசித்தேன்: “மே 26, காலை பத்து மணி. முதல் பத்திரிகை, அண்ணி வீடு.”

“எழுதுனது நீ, சொன்னது அவன். எங்கையில வந்துச்சா?” என்று அண்ணி பையிலிருந்து ஒரு கவரை உருவினார். மேலே என் கையெழுத்தில் அண்ணியின் பெயர்.

“மாவு மில்லுக்காரர் வீட்டுல இருந்துச்சு. அங்க ஒரு பத்திரிக வச்சு காபி குடிச்சுட்டு வெளிய போயிருக்கான். கால் மணி நேரத்துல திரும்ப அதே வீட்டுக்குள்ள போயி, என் பேரு போட்டதையும் வச்சு, இன்னொரு காபியும் குடிச்சுருக்கான். அந்தம்மா ‘ஒங்க தம்பிக்கு ரெண்டு பொண்ணா’ங்குறா!”

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. என் கணவர் சிரிக்கவில்லை. அண்ணி வீடு அந்த மில்லுக்கு அடுத்த தெரு. நாற்பது வருடம் போய் வந்த வீடு. கவரை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எனக்கு என்னமோ ஆகுதுடி” என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

அண்ணி வீட்டுக்குள் வரவில்லையே தவிர, “சோத்து மேல எனக்கென்ன கோவம்?” என்று மீன்குழம்பை நாற்காலியிலேயே வாங்கிச் சாப்பிட்டார். இரண்டு பத்துக்கு, “எங்கப்பா மட்டும் இருந்திருந்தா ஒன்னைய…” என்று தொடங்கியவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. தலை சாய்ந்துவிட்டது.

குறட்டை கிளம்பியது, அச்சு அசல் தம்பியின் குறட்டை. ஏறியது, ஏறியது, அறுந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு… அண்ணி குப்பென்று மூச்சை இழுத்தார். என் கணவரின் முகம் வெளுத்துவிட்டது.

“நானும் இப்புடித்தானா?”

“நீங்க இன்னும் நேரமாக்குவீங்க.”

ஐந்தாவது முறை நின்றபோது அவருக்குப் பொறுக்கவில்லை. “அக்கா! அக்கா!” என்று தோளைப் பிடித்து உலுக்கினார். மணி இரண்டு இருபத்தெட்டு.

“என்னடா, காபி ஆச்சா?”

“நீ மூச்சே விடலக்கா!”

“எவன் சொன்னான்? நான் சும்மா கண்ணத்தான் மூடியிருந்தேன்.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இந்த முறை அவரும் சிரித்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டே, “நாளைக்கு நீ எங்கூட டாக்டர்ட்ட வாரியா?” என்றார். “மொதல்ல நீ அந்தப் பெட்டியப் பிரிடா” என்றார் அண்ணி.

தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூவோடு பத்திரிகையை வைத்து இருவரும் நீட்டினோம். வாங்கிக்கொண்டு வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தார் அண்ணி. இரவு ஒன்பதரைக்கு என் கணவர் மெஷினை மாட்டிக்கொண்டதும், “பிள்ளையாரப்பா! சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னால மட்டும் இதோட வந்துராதடா” என்று கும்பிட்டார் அண்ணி.

மூச்சை எண்ணுவதற்காக விழித்திருக்கத்தான் நினைத்தேன், தூங்கிப்போனேன். டைரியில் அந்த இரவின் கணக்கு மட்டும் இல்லை.

திங்கட்கிழமை அவர்தான் என்னை எழுப்பினார். மணி ஆறு இருபத்தைந்து. மூக்கின் இரு பக்கமும் மெஷின் பதிந்த தடம்.

“எந்திரி. அக்காவுக்கு டோக்கன் போடணும்ல?”

நான் நினைவுபடுத்தவே இல்லை. ஓர் இரவில் மறதி போய்விடாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் வாசல்கூடத் தெளிக்காமல், முதல் வேலையாக மூவரும் புதுக்கோட்டை பஸ்ஸைப் பிடித்தோம்.