மணலில் ஒரு பூட்டு

எங்கள் குடும்பத்தில் உன் வேலை என்னவென்று யாராவது என்னைக் கேட்டால், பை பார்த்துக்கொள்வது என்றுதான் சொல்ல வேண்டும். பதினெட்டு வருஷ சர்வீஸ். லீவு கிடையாது, பிரமோஷன் கிடையாது, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வரவும் முடியாது.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை பஜ்ர் தொழுத கையோடு தாம்பரத்திலிருந்து கோவளம் கடற்கரைக்குக் கிளம்பிவிடுவோம். நான், என் வீட்டுக்காரர், எங்கள் இரண்டு மகள்கள். போகிற வழியில் நாவலூரில் வண்டியை நிறுத்தினால் என் கொழுந்தனார், அவர் மனைவி, அவர்களுடைய இரண்டு பையன்கள் ஏறிக்கொள்வார்கள். ஆக மொத்தம் எட்டுப் பேர். வண்டி எங்கள் ஹார்ட்வேர் கடைக்குச் சாமான் ஏற்றுகிற பழைய வேன். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் சீட்டைப் பொருத்திக்கொள்வோம். ஊருக்கெல்லாம் பூட்டு விற்கிற வீடு, ஆனால் அந்த வேனின் பின்கதவுக்குப் பூட்டு கிடையாது, கயிறு கட்டித்தான் ஓட்டுகிறோம். இந்த வெட்கக்கேட்டை எங்கே போய்ச் சொல்ல!

அதனால் வண்டியில் எதையும் வைத்துவிட்டுப் போக முடியாது. எட்டு ஜோடிச் செருப்பு, செல்போன்கள், வண்டிச் சாவி, மூக்குக்கண்ணாடிகள், ஓரகத்தியின் வளையல்கள், துண்டுகள், ப்ளாஸ்க், சம்சா டப்பா எல்லாம் இரண்டு பெரிய பைகளில் மணலுக்கு வந்துவிடும். பைகளுக்குப் பக்கத்தில் நானும் வந்துவிடுவேன். மற்ற ஏழு பேரும் கடலுக்குள் ஓடிவிடுவார்கள்.

இந்த வேலையை யாரும் என் தலையில் கட்டவில்லை, நானேதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். கல்யாணமான புதிதில் முதல்முறை போனபோது பட்டுப்புடவை கட்டியிருந்தேன். புது மருமகள், மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? "நீங்க எல்லாரும் போங்க, நான் பார்த்துக்கறேன்" என்றேன். யாராவது ஒருவர் "பரவாயில்ல, நீயும் வா" என்று கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். ஒருத்தரும் கூப்பிடவில்லை. அடுத்த மாதம் நான் வாயே திறக்கவில்லை, பைகள் தாமாக என் மடிக்கு வந்து சேர்ந்தன.

அதற்குப் பிறகு மூத்தவள் பிறந்தாள், சின்னவள் பிறந்தாள், சுடிதாருக்கு மாறினேன், முட்டி வலி வந்தது. ஆனால் கடல் மட்டும் எனக்கு முப்பதடி தள்ளியே இருந்தது. ஒரு நாள்கூட என் கால் நனையவில்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

போன வருஷம் ஒரு நாள் நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஹாலில் மூத்தவள் போனில் தோழியிடம் பேசிக்கொண்டிருந்தாள். "எங்க அம்மால்லாம் எறங்க மாட்டாங்கடி. அவங்களுக்குத் தண்ணின்னா பயம்."

எனக்கு வந்ததே கோபம்! கத்தியோடு போய் நின்றேன். "யாருடி சொன்னா எனக்கு பயம்னு?"

அவள் போனை மூடிக்கொண்டு நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். "பயம் இல்லையாம்மா? அப்ப ஏன் நீங்க ஒரு தடவைகூட எறங்கினதில்ல?"

அவள் கிண்டல் செய்யவில்லை. அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன், அவள் வேறு என்ன நினைப்பாள்? அன்றைக்கே முடிவு செய்தேன். எப்பாடுபட்டாவது ஒரு முறை கடலில் இறங்கியே தீருவது. என் பிள்ளைகளின் கண் முன்னால் இறங்குவது.

ஆனால் பையை யார் பார்ப்பார்கள்? முறை வைத்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். "தாராளமா" என்றார். அடுத்த மாதம் அவர் முறை. "ரெண்டே நிமிஷம், காலை நனைச்சிட்டு வந்துடறேன்" என்று போனவர், சம்சா பிரிக்கிற நேரத்துக்குத்தான் திரும்பினார். ஓரகத்திக்கு வெயிலில் உட்கார்ந்தால் தலைவலி வருமாம். தண்ணீரில் நின்றால் மட்டும் வெயில் படாது போலிருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் கோவளத்தில் ஒரு ஆளைப் பார்த்தேன். அலைச்சறுக்குப் பலகையோடு தனியாக வந்திருந்தார். பையிலிருந்து ஒரு இரும்புச் சுருளை எடுத்தார், மணலில் நட்டார், மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினார். கம்பி முழுக்க மணலுக்குள் இறங்கிவிட்டது. வெளியே தெரிந்த வளையத்தில் பையை ஒரு கம்பிக் கயிற்றால் கோத்துப் பூட்டினார். பிறகு திரும்பிக்கூடப் பார்க்காமல் கடலுக்குப் போய்விட்டார். நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் திரும்பி வந்ததும் விடவில்லை. "தம்பி, யாராவது புடுங்கிட்டுப் போயிட மாட்டாங்களா?"

"நீங்களே புடுங்கிப் பாருங்கக்கா."

இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்கினேன். முட்டிதான் வலித்தது, கம்பி அசையவில்லை. யா அல்லாஹ், இவ்வளவு காலம் நான் செய்த உத்தியோகத்தை ஒரு முழங்கை நீளக் கம்பி செய்கிறதே என்று சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னால் "நம்ம கடையில இல்லாத சாமானா?" என்று ஆரம்பித்து ஆறு மாதம் இழுப்பார். நானே திருமுடிவாக்கம் போனேன். அங்கே தொழிற்பேட்டையில் எங்கள் கடைக்குக் கொக்கியும் கீலும் செய்து தருகிற வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவர் இருக்கிறார். பேப்பரில் வரைந்து காட்டினேன். கீழ்ப்பாதியில் சுற்றிச் சுற்றி இறங்குகிற தகடு, உச்சியில் வளையம், குறுக்கே கைப்பிடி.

அவர் பேப்பரை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "இன்னாக்கா இது? நாய் கட்டவா?"

"இல்லண்ணா. இத்தனை நாளா என்னைக் கட்டி வெச்சிருக்காங்க. எனக்குப் பதிலா இதைக் கட்டிட்டு நான் போகப்போறேன்."

"ஒண்ணும் புரியலக்கா. ஆனா ஸ்ட்ராங்கா போட்டுத் தர்றேன், யானைய கட்டினாக்கூட நிக்கும்" என்றார். சொன்னபடியே செய்தும் கொடுத்தார். காதில் போடுகிற தோட்டுக்குத் திருகாணி இருக்குமே, அது ஒரு அரக்கிக்குச் செய்த அளவில் இருந்தது. என் பிள்ளைகள் அதற்குத் திருகாணி என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

முதல் சோதனை படுதோல்வி. அதற்குக் காரணம் திருகாணி இல்லை, என் புகுந்த வீட்டு வம்சம்.

கடைக்காரர்களைப் பார்த்திருப்பீர்கள். ஷட்டரை இறக்கிப் பூட்டுவார்கள், பூட்டைப் பிடித்து நாலு இழுப்பு இழுப்பார்கள். தெருமுனை வரை போவார்கள், திரும்பி வந்து இன்னும் இரண்டு இழுப்பு. என் வீட்டுக்காரர் எங்கள் வீட்டு பீரோவையே அப்படித்தான் பூட்டுவார். கொழுந்தனார் கடையை விட்டுவிட்டு ஐ.டி. கம்பெனிக்குப் போய் எத்தனையோ வருஷமாகிறது, இன்னும் கார்டு தட்டினால் திறக்கிற கதவை மூடிவிட்டு இழுத்துப் பார்க்கிறாராம். ஓரகத்தியே சொல்லிச் சிரிப்பாள். கொஞ்ச நாளில் அவளும் இழுக்க ஆரம்பித்துவிட்டாள்.

அன்றைக்குக் கோவளத்தில் திருகாணியை இறக்கி, பைகளைக் கோத்து, பூட்டி, சாவியை ஊக்கால் துப்பட்டாவில் குத்திக்கொண்டு நிமிர்ந்தேன். முதலில் வீட்டுக்காரர் இழுத்தார். "ம், பரவாயில்ல." அடுத்து கொழுந்தனார் இழுத்தார். பக்கவாட்டில் ஆட்டியும் பார்த்தார். ஓரகத்தி இழுத்தாள். என் மகள்கள் ஆளுக்கு ஒரு முறை. பையன்கள் இரண்டு பேரும் சேர்ந்து தொங்கினார்கள். நான் கடலைப் பார்த்துப் பத்தடி நடந்திருக்க மாட்டேன்.

"அண்ணி! வந்துடுச்சு!" என்று கொழுந்தனார் கூவினார்.

திரும்பினால், முள்ளங்கியைப் பிடுங்கின மாதிரி திருகாணியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "நான்தான் சொன்னேனே, ஆள் உட்கார்ற மாதிரி வராது" என்றார் என் வீட்டுக்காரர். நான் வந்து என் பழைய இடத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கு ப்ளாஸ்க்கைத் திறக்கவே இல்லை. டீ கேட்டவர்களைப் பார்த்த பார்வையில் இரண்டாவது முறை யாரும் கேட்கவில்லை.

ஆனால் நான் விடுகிற ஆளா? தாம்பரத்தில் எந்தத் தெருவில்தான் மணல் குவியல் இல்லை? எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மனையில் கட்டட வேலைக்கு மலை மாதிரி கொட்டி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போனதும் திருகாணியை எடுத்துக்கொண்டு அங்கே போவேன். எதிர் வீட்டு அக்கா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னம்மா, புதையலா?"

"ஆமாக்கா, கெடச்சா உங்களுக்குப் பாதி."

நாலு நாளில் விஷயம் பிடிபட்டது. மேல் மணல் காய்ந்த மணல், அது எதையும் பிடித்துக்கொள்ளாது. அதைத் தள்ளிவிட்டு ஈர மணல் வரும்வரை தோண்டி, அங்கிருந்து திருகினால்தான் நிற்கும். நேராகத் தூக்கினால் அசையவே அசையாது. ஆனால் பக்கவாட்டில் ஆட்ட ஆட்ட, சுற்றிலும் குழி விழுந்து தளர்ந்துவிடும். ஆக, திருடன் வந்து பிடுங்கவில்லை. பத்திரமாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தே இவர்கள் பிடுங்கிவிட்டார்கள்!

அடுத்த மாதம் ஈர மணல் வரும்வரை கையாலேயே தோண்டினேன். வளையம் மட்டும் தெரிகிற அளவுக்குத் திருகி இறக்கினேன். பூட்டினேன். எழுந்து நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னேன்: "யாரும் இதைத் தொடக் கூடாது. இழுக்கக் கூடாது, ஆட்டக் கூடாது, தடவக்கூடக் கூடாது. மீறினா இன்னிக்கு சம்சா இல்ல, டீ இல்ல, மத்தியானம் வீட்டுல பிரியாணியும் இல்ல."

"இழுத்துப் பார்க்காம எப்படிம்மா நம்பறது?" என்றார் வீட்டுக்காரர் பரிதாபமாக.

"என்னை இழுத்துப் பார்த்தா நம்பினீங்க?" என்றேன். கொழுந்தனார் சிரிப்பை அடக்க முடியாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

எல்லோரும் கடலுக்குப் போனார்கள். நானும் போனேன். கரையோரம் நுரை வந்து தொடுகிற இடம் வரைதான் போயிருப்பேன். வீட்டுக்காரர் தண்ணீரிலிருந்து என்னைத் தாண்டிக் கரைக்குப் போனார். "சும்மா, ஒரு பார்வை பார்த்துட்டு வந்துடறேன்." அவர் வரவில்லை. தொட முடியாத பூட்டை விட்டு அவரால் நகர முடியவில்லை. அண்ணன் என்ன பார்க்கிறார் என்று பார்க்கக் கொழுந்தனார் போனார். தன் வளையல்கள் ஞாபகம் வந்து ஓரகத்தி போனாள். பசி என்று பையன்கள், பையன்கள் பூட்டில் கை வைக்காமல் பார்த்துக்கொள்ள என் மகள்கள். கொஞ்ச நேரத்தில் ஏழு பேரும் திருகாணியைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். கடலில் நான் ஒருத்திதான்.

போகட்டும் என்று இறங்கினேன். பொய் சொல்ல மாட்டேன், பயமாகத்தான் இருந்தது. காலுக்கடியில் மணல் உருவிக்கொண்டு போகிறது, யாரோ பாயை இழுக்கிற மாதிரி. முதல் அலைக்குக் கத்தினேன். இரண்டாவதற்கும் கத்தினேன். மூன்றாவது அலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை வருஷத்துச் சிரிப்போ, நிற்கவே இல்லை. இவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஏன் ஒருத்தரும் என்னிடம் சொல்லவில்லை?

நாலாவது அலை என்னை அப்படியே உட்காரவைத்துத் தலைக்கு மேலே போயிற்று. மூக்கு, வாய் எல்லாம் உப்பு. இருமிக்கொண்டே எழுந்து, யார் யார் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று கரையைத் திரும்பிப் பார்த்தேன்.

யாரும் பார்க்கவில்லை. ஏழு தலையும் பையைப் பார்த்துக் குனிந்திருந்தன. என் கண் தன்பாட்டுக்கு எண்ணியது. ஒன்று, இரண்டு, மூன்று... ஏழு. சரி, எல்லோரும் இருக்கிறார்கள்.

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அந்தப் பதினெட்டு வருஷமும் நான் பையைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. நிஜமாகவே ஒரு நாளும் பார்த்ததில்லை. யாராவது வந்து தூக்கிக்கொண்டு போயிருந்தால்கூடக் கவனித்திருக்க மாட்டேன். அலை வந்து போகும் ஒவ்வொரு முறையும் தலைகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்று குறைந்தால் மூச்சு நின்றுவிடும், அது நுரைக்குள்ளிருந்து மேலே வந்ததும் மறுபடி மூச்சு வரும். அவர்கள் என்னடாவென்றால் பையைப் பார்த்துக்கொள்வது என்றால் நிஜமாகவே பையைப் பார்ப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்!

கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு, எங்கள் தெருவில் கத்துகிற மாதிரியே கத்தினேன். "ஏங்க! இங்க ஒருத்தி தண்ணில நிக்கிறேன்! பையை விட்டுட்டு என்னைப் பாருங்க!"

என் வீட்டுக்காரர் நிமிர்ந்தார். எழுந்து, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு தேடினார். மூத்தவளும் எழுந்தாள். அவள் முகத்தில் இருந்தது பயம். நான் மாதா மாதம் அறிந்த பயம்தான் அது, ஆனால் எனக்காக ஒருத்தர் முகத்தில் அதை நான் பார்த்ததில்லை. அவள் தண்ணீர் விளிம்புவரை ஓடி வந்து நின்றாள். "அம்மா! போதும், அங்கயே நில்லுங்க! நான் பார்த்துட்டிருக்கேன்!"

பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாள் என்று, நான் இடுப்பளவுத் தண்ணீருக்குப் போனேன்.